இண்டியானாவில் வயல் நடுவே முதற்குடியேறிக் குடும்பத்தின் இடுகாடு: வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

வயல்வரப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்.

தென் இண்டியானாவில் சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் பயிராகும் ஒரு வயலின் மேட்டில் சின்ன இடுகாடு ஒன்று இருக்கிறது. சுமார் 60 அடிக்கு 50 அடி. நிமிர்ந்து நிற்கும் கற்கள் 6, சாய்ந்தவை 3, புல்லுக்குள் விழுந்து கிடப்பவை 2. இவை தவிர, எழுத்தே இல்லாத காட்டுக்கற்கள் ஏழெட்டு மண்ணில் நட்டபடி உள்ளன. இரண்டு பெரிய செஞ்சிடார் மரங்கள், தரை முழுக்க ஒரு பச்சைக் கொடி. எழுத்துள்ள கற்களில் பெரும்பாலும் ஒரே குடும்பப் பெயர். படிக்க முடிந்தவரை மிகப் பழைய ஆண்டு 1826, கடைசி ஆண்டு 1891. அந்தக் குடும்பத்தார் யாரும் இப்போது அந்தப் பக்கம் இல்லை, நிலம் பல கை மாறிவிட்டது. இன்றைய உரிமையாளர் உள்ளே போக எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார்.

தெரிய வேண்டியவை: இந்தக் குடும்பம் எப்போது வந்தது, இங்கே மொத்தம் எத்தனை பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், எழுத்தில்லாத கற்கள் யாருடையவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கற்கள் கறுத்துப் பாசி பிடித்திருக்கின்றன. படிப்பதற்காக முதலில் கழுவிவிடலாமா? சாய்ந்ததை நிமிர்த்தினால் தவறா?

நில அளவை

கழுவுவதும் நிமிர்த்துவதும் கடைசி வேலை. கல் நிற்கிற இடம், பார்க்கிற திசை, பக்கத்துக் கல்லுக்கும் அதற்கும் உள்ள தூரம், இவையெல்லாம் சான்றுகள். ஒரு கல்லை ஓர் அடி நகர்த்தினாலும் அந்தச் சான்று போய்விடும். அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் காகித வேலையைச் சொல்கிறேன்.

குடும்பப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், நிலத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே பெயரில் ஒரே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) மூன்று குடும்பங்கள் இருக்கலாம். ஆனால் அந்த மேடு ஒன்றுதான். 1785 நிலச் சட்டப்படி இந்தப் பகுதி 6 மைலுக்கு 6 மைல் டவுன்ஷிப்புகளாகவும், ஒவ்வொரு டவுன்ஷிப்பும் 36 செக்‌ஷன்களாகவும் அளக்கப்பட்டது. செக்‌ஷன் ஒன்றுக்கு 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160, காலில் கால் 40 ஏக்கர். நம் கணக்கில் ஒரு செக்‌ஷனில் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. பத்திரத்தில் ஆங்கிலத்தில் ‘வடகிழக்குக் கால், தென்கிழக்குக் காலினுடையது, செக்‌ஷன் 14’ என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். அதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். தமிழில் சொன்னால் வரிசை தானாகவே சரியாகிவிடும்: 14ஆம் செக்‌ஷனின் தென்கிழக்குக் காலில் வடகிழக்குக் கால். இதை முன்பின்னாகப் படித்துவிட்டு கால் மைல் தள்ளி வேறொரு குடும்பத்தைத் துரத்துவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

டவுன்ஷிப், ரேஞ்ச் (கிழக்கு மேற்காக எத்தனையாவது டவுன்ஷிப் என்ற எண்), செக்‌ஷன் எண் கிடைத்ததும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை இணையதளத்தில் பொது நில அலுவலகப் பதிவுகளைத் தேடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் செக்‌ஷன் எண் போதும். அரசிடமிருந்து முதலில் வாங்கியவரின் பட்டா படமாகவே கிடைக்கும். பட்டாவில் உள்ள தேதி குடும்பம் வந்த தேதி இல்லை. பணம் கட்டிய பிறகு பட்டா வர மாதங்கள் ஆகும், சில சமயம் ஆண்டுகள். வாங்கிய நாளைக் காட்டுவது நில அலுவலகத்தின் டிராக்ட் புத்தகம், அதாவது நிலத் துண்டுவாரியான விற்பனைப் பதிவேடு.

விலையும் ஒரு துப்பு. 1820 ஜூலைக்கு முன்பு ஏக்கர் குறைந்தது 2 டாலர், தவணையில் கட்டலாம். 1820 சட்டத்துக்குப் பிறகு 1.25 டாலர், முழுப் பணமும் ரொக்கம், குறைந்தது 80 ஏக்கர். அதாவது 100 டாலர் கையில் இருந்தால்தான் நிலம். 1832 முதல் 40 ஏக்கரும் வாங்க முடிந்தது. பலர் முதலில் வந்து குடிசை போட்டு, காடு வெட்டி, பணம் சேர்த்த பிறகுதான் வாங்கினார்கள். அதனால் பட்டாவுக்கு முந்தைய ஆண்டு ஒரு கல்லில் இருந்தால் அதைப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். இன்னொன்று: அந்த மண் பழங்குடியினரிடமிருந்து எந்த ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். தென் இண்டியானாவின் பெரும்பகுதிக்கு 1805 கிரவுஸ்லேண்டும் 1809 ஃபோர்ட் வெய்னும், மத்தியப் பகுதிக்கு 1818 செயின்ட் மேரிஸும். அரசு விற்பனை அதற்குப் பிறகுதான் தொடங்கியிருக்கும்.

அடுத்தது கவுண்டி பதிவாளர் அலுவலகம். முதல் பட்டாதாரரிலிருந்து இன்றுவரை பத்திரங்களை ஒன்றுவிடாமல் கோத்துக்கொண்டு வாருங்கள். தேட வேண்டியது ஒரே ஒரு வாசகம்: ‘இடுகாட்டுக்கான அரை ஏக்கர் நீங்கலாக’. குடும்பம் நிலத்தை முதன்முதலாக வெளியாருக்கு விற்கும் பத்திரத்தில்தான் இது பெரும்பாலும் வரும். அடுத்தடுத்த பத்திரங்களில் எழுத்தர் விட்டுவிடுவார். கடைசி மூன்று பத்திரங்களை மட்டும் பார்த்துவிட்டு ‘அப்படி ஒன்றும் எழுதவில்லை’ என்று முடிவுக்கு வருபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். அந்த வாசகத்தோடு எல்லை அளவும் கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம். இன்று வேலி அடைத்திருப்பதைவிடப் பழைய இடுகாடு பெரியது என்று பல சமயம் தெரியவரும். வெளியே மிஞ்சிய துண்டு ஏருக்குக் கீழே போயிருக்கும்.

ஆட்களுக்கு மக்கள்தொகைக் கணக்கு. 1850இல்தான் முதன்முதலாக வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் எழுதப்பட்டன. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயரும் வயதுவாரியான எண்ணிக்கையும் மட்டுமே. 1850, 1860, 1870, 1880 கணக்குகளுடன் இறப்புப் பட்டியல் தனியாக உண்டு. ஜூன் 1க்கு முந்தைய 12 மாதங்களில் இறந்தவர்களைக் காரணத்துடன் எழுதினார்கள். அருமையான ஆவணம்தான், ஆனால் பத்து ஆண்டில் ஓர் ஆண்டைத்தான் பிடிக்கும், விடுபட்டவர்களும் அதிகம். 1890 கணக்கு 1921 தீயில் சிக்கியது, ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் 1891 கல்லுக்கு அது உதவாது. இண்டியானாவில் கவுண்டி அளவில் இறப்புப் பதிவு 1882இல்தான் தொடங்கியது. ஆகவே உங்கள் இடுகாட்டின் பெரும்பாலான இறப்புகளுக்கு அரசுச் சான்றிதழே இருக்காது.

அந்த ஓட்டையை அடைப்பது வாரிசு நீதிமன்றக் கட்டுகள். உயிலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். உள்ளே சவப்பெட்டி செய்த தச்சருக்குக் கொடுத்த ரசீது, வைத்தியர் கணக்கு, கல்லறைக் கல்லுக்குக் கொடுத்த தொகை எல்லாம் மடித்து வைத்திருக்கும். சவப்பெட்டி ரசீதின் தேதியும் இறந்த நாளும் ஓரிரு நாளுக்குள் இருக்கும். கல்லுக்கான ரசீது மட்டும் ஐந்து, பத்து ஆண்டு கழித்து வந்தால் திகைக்க வேண்டாம். நல்ல கல் வாங்கக் கையில் பணம் சேர்ந்த பிறகு முன்பே இறந்தவர்களுக்கும் சேர்த்து நட்டார்கள். 1826 என்று செதுக்கிய கல் 1850களில் வெட்டப்பட்டதாக இருக்கலாம். கல் நட்டவரின் நினைவுதான் அங்கே தேதி. நேரடிச் சாட்சியம் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

பார்க்க வேண்டிய இடங்கள்: இண்டியானாபொலிஸில் மாநில நூலகத்தின் வம்சாவளிப் பிரிவு, ஃபோர்ட் வெய்னில் ஆலன் கவுண்டி பொது நூலகத்தின் வம்சாவளி மையம், 1876இல் வெளியான மாநில வரைபடத் தொகுப்பு, அந்தக் காலக் கவுண்டி வரைபடங்கள். அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் அமைப்பினர் பல கவுண்டிகளில் கல்லெழுத்துகளைப் படி எடுத்துவைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் மேடு இருந்தால், இன்று அழிந்துபோன வரிகள் அங்கே முழுதாக இருக்கக்கூடும்.

மேட்டுமண்

எத்தனை பேர் என்ற கேள்விக்கு: கல்லை எண்ணி விடை சொல்ல முடியாது. ஜான்சன் கவுண்டியில் அமிட்டி ஊருக்குப் பக்கத்தில் சாலை நடுவே ஒரே ஒரு பெண்ணின் கல்லறை என்று தலைமுறைகளாக அறியப்பட்ட இடம் ஒன்று உண்டு. 1831இல் இறந்த நான்சி கெர்லின் பார்னெட்டுடையது. 2016இல் சாலை வேலைக்காகத் தொல்லியலாளர்கள் முறைப்படி அகழ்ந்தபோது அங்கே ஏழு பேர் இருந்தார்கள். ஒரு கல், ஏழு பேர். உங்கள் இடத்தில் 11 எழுத்துக்கற்களும் ஏழெட்டுக் காட்டுக்கற்களும் இருக்கின்றன என்றால் அந்த எண்ணிக்கையைக் கீழ்வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு பிசகு உண்டு. அந்தக் காலத்தில் தலைமாட்டில் பெரிய கல்லும் கால்மாட்டில் சிறிய கல்லும் நடுவார்கள். கால்கல்லில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும், அல்லது எதுவும் இருக்காது. புல் வெட்ட இடைஞ்சல் என்று பின்னாளில் அவற்றைப் பிடுங்கித் தலைக்கல்லோடு சாய்த்து வைத்தார்கள், அல்லது வேலியோரம் குவித்தார்கள். அப்படி நிற்கும் கால்கல்லைக் குழந்தையின் கல்லறை என்று எழுதிவைத்த பட்டியல்கள் ஏராளம். காட்டுக்கற்களையும் இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு தலைக்கல்லுக்கு நேர் கிழக்கே ஆறேழு அடியில் ஒரு காட்டுக்கல் நின்றால் அது பெரும்பாலும் கால்கல். இரண்டு காட்டுக்கற்கள் கிழக்கு மேற்காக மூன்றடி இடைவெளியில் நின்றால் அது குழந்தைக் குழி.

திசைக் கணக்கு இதுதான்: தலை மேற்கே, கால் கிழக்கே. குழிகள் பக்கம் பக்கமாக வடக்கு தெற்கு வரிசையில் போகும். கணவனுக்கு இடப்பக்கம், அதாவது வடக்கே, மனைவி என்பது பொதுவான வழக்கம். கட்டாயமில்லை. இரண்டாம் மனைவி வந்த வீடுகளில் இது அடிக்கடி மாறும். வரிசையில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி இருந்தால் அதை வெற்றிடம் என்று விட்டுவிடாதீர்கள். மரப்பெட்டி உளுத்து இறங்கிய பிறகு மேலே மண் அமிழும். பெரியவர் குழி ஆறேழு அடி நீளம், இரண்டு இரண்டரை அடி அகலத்தில் லேசான பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளங்களை மண் போட்டு மேவுவது நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய சேதம். வரைபடம் எடுக்கும்வரை யாரும் மேவக் கூடாது.

பார்க்க நல்ல காலம் மார்ச். பனி உருகியிருக்கும், கொடி தழைத்திருக்காது. சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். சாய்வெயிலில் இரண்டங்குலப் பள்ளமும் நிழல் போட்டுக் காட்டும். உறைபனி விழுந்த காலையில் பள்ளங்களில் மட்டும் வெள்ளை சற்று நேரம் நிற்கும். நீங்கள் சொல்லும் பச்சைக் கொடி பெரும்பாலும் வின்கா மைனராக இருக்கும், நம் நித்தியகல்யாணியின் உறவுக்கொடி. குடியேறிகள் கல்லறைமேல் நட்டது. அது படர்ந்திருக்கும் எல்லை இன்றைய வேலிக்கு வெளியே போனால், வெளியேயும் குழிகள் இருக்கலாம் என்று கொள்ளுங்கள். செஞ்சிடாரும் அப்படி நட்டதாக இருக்கலாம், ஆனால் அது பறவை எச்சத்திலிருந்தும் முளைக்கும். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வரைபடத்துக்கு 100 அடி டேப் இரண்டு, திசைகாட்டி, முளைக்குச்சிகள், நூல் போதும். மேற்கு ஓரத்தில் வடக்கு தெற்காக ஓர் அடிக்கோடு இழுத்து, 10 அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு கல்லுக்கும் பள்ளத்துக்கும் இரண்டு முளைகளிலிருந்து தூரம் எழுதுங்கள். தாளில் 1 அங்குலம் 10 அடி என்ற அளவில் வரைந்தால் உங்கள் இடம் 6 அங்குலத்துக்கு 5 அங்குலம்தான். ஃபோன் ஜிபிஎஸ் இடுகாட்டைக் குறிக்க மட்டும் உதவும். திறந்த வெளியிலேயே அது 16 அடி வரை பிசகும், உங்கள் வரிசையில் நாலைந்து குழிகள் அந்தப் பிசகுக்குள் அடங்கிவிடும்.

தரை ஊடுருவு ரேடார் வைத்துப் பார்க்கலாம், ஆனால் கனமான களிமண்ணில் அலை ஆழம் போகாது. நன்றாக வேலை செய்தாலும் அது காட்டுவது கலைந்த மண்ணைத்தான், ஆளை இல்லை. செம்புக் கம்பி பிடித்து நடந்து குழி கண்டுபிடிப்பதாகச் சொல்பவர்கள் வருவார்கள். அதை வரைபடத்தில் ஏற்றாதீர்கள்.

வயல்வரப்பு

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு கல்லில் ‘கன்சார்ட்’ என்ற சொல்லும், இறந்த நாள் 1852 மார்ச் 14 என்றும், வயது 36 ஆண்டு 8 மாதம் 20 நாள் என்றும் படிக்க முடிகிறது. பிறந்த தேதி இல்லை. மேலே ஒரு மரமும் ஜாடியும். இன்னொரு கல்லில் கேடயம் போல் குழித்த வடிவத்துக்குள் பெயரும் படைப்பிரிவும் மட்டும், தேதியே இல்லை. இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?

கல்லெழுத்து

‘கன்சார்ட்’ என்றால் கணவன் உயிரோடு இருக்கும்போது இறந்த மனைவி. கணவன் முன்பே போயிருந்தால் ‘ரெலிக்ட்’ என்று போடுவார்கள். ஆக 1852 மார்ச்சில் அவள் கணவர் உயிரோடு இருந்தார் என்று அந்த ஒரு சொல்லே சொல்கிறது. அடுத்து அவருடைய மறுமணத்தைக் கவுண்டி திருமணப் பதிவில் தேடுங்கள். சிறு குழந்தைகளோடு நின்ற விவசாயி ஓரிரு ஆண்டில் மறுமணம் செய்வது சாதாரணம்.

பிறந்த நாளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கழியுங்கள். 1852 மார்ச் 14இல் 36 ஆண்டு போனால் 1816 மார்ச் 14. எட்டு மாதம் போனால் 1815 ஜூலை 14. இருபது நாள் போனால் 1815 ஜூன் 24. இப்போது முன்னோக்கிக் கூட்டிப் பாருங்கள்: ஜூன் 24லிருந்து 36 ஆண்டு 8 மாதம் சேர்த்தால் 1852 பிப்ரவரி 24. அது லீப் ஆண்டு, இருபது நாள் சேர்த்தால் மார்ச் 15 வருகிறது, ஒரு நாள் கூடுதல். கணக்குப் போட்டவர் எந்தத் திசையில் போட்டார் என்று நமக்குத் தெரியாது. அதனால் ஜூன் 23 அல்லது 24 என்று எழுதுங்கள், ‘கல்லின் வயதிலிருந்து கணக்கிட்டது’ என்ற குறிப்போடு. கல்லிலேயே இருந்ததுபோல் ஒற்றைத் தேதியைப் பட்டியலில் ஏற்றினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. 1850 கணக்கின் அடிப்படை நாள் ஜூன் 1. அன்று அவளுக்கு 34 முடிந்து, 35 நிறைய மூன்று வாரம் பாக்கி. கணக்கில் 34 என்று இருந்தால் கல்லைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். 35 என்று இருந்தாலும் பதற வேண்டாம், கணக்கெடுப்பவர் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வந்து அன்றைய வயதைக் கேட்டு எழுதியிருப்பார். 30 என்றோ 40 என்றோ இருந்தால் கல்லைத் திரும்பப் படியுங்கள். தேய்ந்த கல்லில் 1ம் 7ம், 3ம் 8ம், 5ம் 6ம் ஒன்றாகத் தெரியும்.

வில்லோ மரமும் ஜாடியும் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதிக்குப் பொருந்தும். மேல்நோக்கிய விரல், கைகோத்த கைகள் அதற்குப் பிந்தியவை. ஆட்டுக்குட்டி குழந்தைக்கு. கல்லின் அடியில், புல்லை ஒதுக்கினால் மண்மட்டத்துக்குச் சற்று மேலே, செதுக்கியவர் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அவர் தொழில் செய்த ஆண்டுகள் தெரிந்தால் கல் பின்னாளில் நட்டதா என்பது தீர்ந்துவிடும்.

கேடயக் கல் அரசு கொடுத்தது, உள்நாட்டுப் போரில் யூனியன் (வட மாநிலங்களின்) படையில் இருந்தவருக்கு. தனியார் இடுகாடுகளில் இருந்த படைவீரர்களுக்கும் கல் கொடுக்க 1879இல் சட்டம் வந்தது. கேடயத்தில் தேதி இல்லாதது இயல்பு. அந்தக் கல்லுக்கான விண்ணப்ப அட்டைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன, இறந்த தேதியும் இடுகாட்டின் பெயரும் அதில் இருக்கலாம். ஓய்வூதியக் கட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. விதவை மனு போட்டிருந்தால் திருமண நாள், பிள்ளைகளின் பிறந்த நாள் வரை சாட்சிகளோடு அடங்கியிருக்கும்.

தேதிகளை ஒரு வரிசையில் எழுதிப் பாருங்கள். ஒரே வீட்டில் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் பெரியவர்கள் இருவர் மூவர் அடுத்தடுத்து இறந்திருந்தால், 1840களுக்கு முன் என்றால் பால்நோயை நினைக்கலாம். காட்டில் மேயும் மாடு வெள்ளைப் பாம்புவேர்ச் செடியைத் தின்ன, அதன் நஞ்சு பாலில் இறங்கும். ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி 1818 அக்டோபர் 5இல் ஸ்பென்சர் கவுண்டியில் இறந்தது அதனால்தான். அதே இலையுதிர் காலத்தில் அவருடைய உறவினரான ஸ்பாரோ தம்பதியும் இறந்து அதே மேட்டில் புதைக்கப்பட்டார்கள். நான்சியின் குழிமேல் இன்று காணும் கல் 1879இல்தான் வந்தது. லிங்கனின் தாய்க்கே அறுபது ஆண்டு பெயர் பொறித்த நல்ல கல் இல்லை என்றால், உங்கள் காட்டுக்கற்களை வறுமை என்றோ அலட்சியம் என்றோ படிக்க வேண்டியதில்லை. கிடைத்த கல்லை நட்டார்கள், யார் என்று வீட்டாருக்குத் தெரியும்.

படிப்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். வெயிலை மூன்றடி உயரக் கண்ணாடியில் பிடித்து, கல்லின் முகத்தில் பக்கவாட்டிலிருந்து உராய்ந்து போகும்படி திருப்புங்கள், மங்கிய எழுத்து எழுந்து நிற்கும். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் அதே பலன். சுண்ணாம்புக்கட்டி, மாவு, சவர நுரை எதுவும் பூசாதீர்கள். சவர நுரையில் அமிலம் உண்டு, துளைக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது. தாள் வைத்துத் தேய்த்துப் படி எடுப்பதும் உளுத்த கல்லுக்கு ஆகாது.

கல்தச்சன்

1830களிலிருந்து 1880கள் வரை இங்கே பெரும்பாலும் சலவைக்கல், அதற்கு முன் மணற்கல். முதலில் விரலால் மெல்லத் தடவுங்கள். சர்க்கரை போல் துகள் ஒட்டினால் அந்தச் சலவைக்கல்லைத் தேய்க்கவே கூடாது. மழையின் அமிலம் மணிகளுக்கு நடுவே கரைத்துவிட்டது, தூரிகை பட்டால் எழுத்தோடு உதிரும். மணற்கல்லை விரல் மடக்கித் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே ஏடு பிரிந்திருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

திடமான கல் என்றால், ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து காலன் தண்ணீர், கைத் தெளிப்பான், மெல்லிய நைலான் தூரிகை, மரக்குச்சிகள். வெப்பநிலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும், இரவில் உறைபனி வரும் வாரத்தில் செய்யக் கூடாது. துளைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் கல்லைப் பிளக்கும். முதலில் கல் முழுக்க நனைய வேண்டும், உலர்ந்த கல்லில் எதையும் போடாதீர்கள். ஊறிய கற்பாசியைக் குச்சியால் தள்ளி எடுங்கள். கீழிருந்து மேலாகத் தேய்த்து, உடனுக்குடன் அலசுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த கல்லில் கோடாக இறங்கிக் கறையாகும். வெறும் தண்ணீருக்கே பாதி போய்விடும். மீதிக்கு டி/2 என்ற உயிர்க்கொல்லிக் கரைசல், தேசியப் படைவீரர் கல்லறைகளில் பயன்படுத்துவது. தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத் தேய்த்து அலசினால் போதும், வாரக்கணக்கில் தானே வெளுக்கும். ஒரே நாளில் பளிச்சென்று ஆக வேண்டும் என்ற அவசரம்தான் பிளீச்சுக்கும் கம்பித் தூரிகைக்கும் பிரஷர் வாஷருக்கும் கொண்டுபோய் விடுகிறது. பிளீச் விட்டுச் செல்லும் உப்பு உள்ளே படிகமாகிக் கல்லைப் பொரிய வைக்கும். கம்பித் தூரிகையின் துருக் கறை போகாது.

நிமிர்த்துவது: லேசாகச் சாய்ந்து உறுதியாக நிற்பதை விட்டுவிடுங்கள். விழப்போவதை மட்டும் தொடுங்கள். எடையைக் கணக்குப் போடாமல் கை வைக்காதீர்கள். 54 அங்குல உயரம், 20 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் என்றால் 1.25 கன அடி. சலவைக்கல் கன அடிக்குச் சுமார் 170 பவுண்டு, ஆக 212 பவுண்டு. இரண்டு பேர் முதுகை உடைத்துக்கொள்ளவும், கல் நடுவே முறியவும் அது போதும். கடப்பாரை போட்டு நெம்பினால் விளிம்பு தெறிக்கும். முக்காலியும் கப்பியும் அகலமான நைலான் பட்டையும் வேண்டும்.

அடித்தளமில்லாத பலகைக் கல்லில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், கடைசி வரி எழுத்து வெளியே இருக்க வேண்டும். குழியை இருந்த இடத்திலேயே, இருந்த ஆழத்துக்கு மட்டும் எடுங்கள், அதைவிட ஆழம் போகாதீர்கள். அடியில் நாலங்குலம் சின்ன ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் கெட்டியுங்கள். கல்லை இறக்கி, ரசமட்டத்தை முகத்திலும் பக்கத்திலும் வைத்துப் பார்த்து, மணலும் ஜல்லியும் கலந்து மூன்று நாலங்குலத்துக்கு ஒரு படையாகப் போட்டுக் கெட்டியுங்கள். நீர் வடியும், மண் உறைந்து தூக்கும்போது கல்லும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கான்கிரீட்டில் புதைத்தால் அந்த அசைவு இல்லை, தரைமட்டத்தில் சரியாக முறியும். ஊரூராக அப்படி முறிந்த கற்களைப் பார்க்கலாம். காடி வெட்டிய அடிக்கல் இருந்தால் சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று. சிமென்ட் கல்லைவிடக் கடினம், உடைய வேண்டியது சாந்துதான், கல் உடையக் கூடாது. முறிந்த துண்டுகளை ஒட்டும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள். அதுவரை துண்டுகள் அதே குழிமேல் இருக்கட்டும். வீட்டுக்கோ கொட்டகைக்கோ எடுத்துப் போனால் எந்தக் குழியுடையது என்பதே மறந்துபோகும்.

மரம் வெட்டினால் தரைமட்டத்தோடு நிறுத்துங்கள். வேர் குழிகளுக்கு ஊடே போயிருக்கும், பிடுங்கினால் எலும்பு வரும். நைலான் நூல் புல்வெட்டியைக் கல்லுக்கு ஓரடி தள்ளியே நிறுத்தி, மீதியைக் கத்திரியால் வெட்டுங்கள்.

நில அளவை

சட்டத்தில் மூன்று விஷயம் விட்டுப்போயிற்று. இண்டியானா இயற்கை வளத் துறையின் வரலாற்றுப் பாதுகாப்பு, தொல்லியல் பிரிவு மாநிலம் முழுக்க இடுகாட்டுப் பதிவேடு வைத்திருக்கிறது. உங்கள் மேடு அதில் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையத் தரவுத்தளத்தில் பாருங்கள், இல்லையென்றால் வரைபடத்தோடு எழுதிப் பதியச் சொல்லுங்கள். பதிவில் உள்ள இடுகாட்டிலிருந்து 100 அடிக்குள் கட்டடம் கட்டவோ மாற்றவோ மண்ணைத் தோண்டுவதற்கு அந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும். கல் நிமிர்த்தும் வேலைக்கு முன்பும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பெருச்சாளி போன்ற வுட்சக் வளை தோண்டி எலும்பை வெளியே தள்ளியிருந்தால் தொடாதீர்கள். மனித எச்சம் கலைந்தால் இரண்டு வேலை நாளுக்குள் அந்தத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மேட்டில் குடியேறிகளுக்கு முந்தைய பழங்குடியினர் புதைவும் இருக்கலாம், சட்டம் அதையும் காக்கிறது.

பராமரிப்புப் பணத்துக்கு டவுன்ஷிப் டிரஸ்டியை, அதாவது அந்தப் பகுதியின் உள்ளூர் நிர்வாகப் பொறுப்பாளரைப் பாருங்கள். 1939 பிப்ரவரி 28க்கு முன் ஏற்பட்ட, வருமானமில்லாத இடுகாடுகளைக் கவனிப்பது அவருடைய கடமை. கல் நிமிர்த்துவது, வேலி, களை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் சொத்துவரி விதித்துக் கட்டப்படும் நிலத்தில் உள்ள இடுகாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உரிமையாளர் அந்த இடுகாட்டு நிலத்தையும் வயலோடு சேர்த்து வரி கட்டிவந்தால் டிரஸ்டி கைவிரித்துவிடலாம், அதுவும் சட்டப்படி சரி. முதலில் கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் அந்த நிலத்தின் அட்டையைப் பாருங்கள். பழைய ‘நீங்கலாக’ பத்திரம் கிடைத்தால் அதன் சான்றுநகலோடு போய், இடுகாட்டை வரியிலிருந்து பிரிக்க உரிமையாளரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு டிரஸ்டிக்குக் கடிதம் எழுதுங்கள், வரைபடமும் கல் எண்களும் இணைத்து.